காற்று நின்றுவிட்டது, கரன்ட் ஏன் இன்னும் வரவில்லை?

மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. தெருவில் எந்தக் கம்பமும் சாயவில்லை, எந்தக் கம்பியும் அறுந்து தொங்கவில்லை. ஆனால் கரன்ட் போய் 30 மணி நேரமாகிறது. வடக்குக் கலிஃபோர்னியாவின் மலையடிவார ஊர்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் எல்லோர் வாயிலும் வரும் கேள்வி இதுதான்: காற்றுதான் நின்றுவிட்டதே, ஒரு சுவிட்சைப் போட இவ்வளவு நேரமா?

நியாயமான கேள்விதான். மின்சாரத்தை நிறுத்தும் வேலை கட்டுப்பாட்டு அறையில் ஒரு பொத்தானோடு முடிந்துவிடும். திரும்பக் கொடுக்க வேண்டுமானால், நிறுத்தி வைத்த லைனை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை யாராவது பார்த்தாக வேண்டும். முன்னெச்சரிக்கை மின்நிறுத்தத்தில் கடினமான பாதி இந்தப் பின்பாதி. செய்தியில் வருவதெல்லாம் முன்பாதி.

நம்மூரில் புயல் கரையைக் கடக்கும்போது மின்வாரியமே சப்ளையை நிறுத்திவிடுவது நமக்குப் பழகிய விஷயம். தேங்கிய தண்ணீரில் கிடக்கும் கம்பியை யாரும் மிதித்துவிடக் கூடாது என்பது அங்கே கவலை. கலிஃபோர்னியாவில் கவலை வேறு. ஐந்தாறு மாதம் மழையே காணாத புல்லின் மேல் கம்பி விழுகிறது. அது ஆளைத் தொடுவதற்கு முன்பே புல் பற்றிக்கொள்ளும். அதனால் காற்று வருவதற்கு முன்பே லைனைச் செத்த கம்பியாக்கி வைப்பதற்கு பி.எஸ்.பி.எஸ். என்று பெயர், பொதுப் பாதுகாப்புக்கான மின்நிறுத்தம் என்று பொருள்.

இது எந்தக் காற்று என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலையுதிர் காலத்தில் நெவாடா, யூட்டா பக்கத்து உயர்ந்த பாலைவனப் படுகையில் குளிர்ந்த கனத்த காற்று தேங்கி, அழுத்தம் ஏறும். கடற்கரைப் பக்கம் அழுத்தம் குறைவு. நடுவில் மலைத்தொடர். மலையைத் தாண்டிக் கடலை நோக்கிச் சரியும் காற்று, கீழே வரவர அமுங்கிச் சூடாகிறது. 1,000 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ். 1,500 மீட்டர் உயரத்தில் 5 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமுமாக இருந்த காற்று, கடல் மட்டத்துக்கு வரும்போது 20 டிகிரியாகி, ஈரப்பதம் 20 சதவீதத்தை ஒட்டி விழுந்துவிடும். வடக்கே இதை டயாப்லோ காற்று என்பார்கள், தெற்கே சாந்தா ஆனா. கோடை முழுக்கக் காய்ந்த செடிகொடி, மழைக்கு முந்தைய கடைசி வாரங்கள், அதன்மேல் இந்தக் காற்று. மூன்றும் ஒன்றுசேரும் நாட்கள் வருடத்தில் கொஞ்சம்தான். ஆனால் பெரிய சேதமெல்லாம் அந்தச் சில நாட்களில் நடக்கிறது. மாநிலத்தில் பதிவாகும் காட்டுத்தீக்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவையே மின்கம்பியால் மூண்டவை. மிக அதிகம் அழித்த தீக்களை மட்டும் எடுத்தால், ஏறக்குறைய பாதி மின்கம்பிக் கணக்கில் வரும். காரணம் எளிது. கம்பிக்கும் காற்றுக்கும் உள்ள தொடர்பு குப்பை எரிப்பவருக்கோ பட்டாசு வெடிப்பவருக்கோ கிடையாது. தீ பரவ எது உகந்த நேரமோ அதே நேரத்தில்தான் கம்பியும் பொறி கக்குகிறது.

பொறி எப்படி வருகிறது? பல வழிகள். நீண்ட இடைவெளியில் தொங்கும் இரண்டு கம்பிகள் ஆடி ஒன்றையொன்று அறைந்தால், உருகிய அலுமினியத் துணுக்குகள் கீழே உதிரும். மரக்கிளை பறந்து வந்து இரண்டு கம்பிகளின் மேல் குறுக்கே விழும். இன்சுலேட்டரில் கம்பியைக் கட்டியிருக்கும் கட்டு அவிழும். கம்பத்து உச்சியில் இருக்கும் பழைய மாதிரி பியூஸ், வேலை செய்யும்போதே சூடான துகள்களைத் துப்பும். பாதுகாப்புக் கருவியே தீப்பெட்டியாகிவிடும். இதற்கெல்லாம் மேலே காற்றின் கணக்கு ஒன்று உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் கம்பியின் மேலும் மரத்தின் மேலும் விழும் விசை நான்கு மடங்காகிறது.

ஆக மோசமானது, கம்பி அறுந்து காய்ந்த மண்ணில் விழுந்து கிடப்பது. பொதுவாக, கோளாறு என்றால் மின்னோட்டம் எகிறும், ரிலே என்ற காவல் கருவி அதைப் பார்க்கும், பிரேக்கர் திறந்து மின்சாரத்தை நிறுத்தும். காய்ந்த மண்ணும் சரளையும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. 12 கிலோவோல்ட் லைன் தரையில் கிடந்தாலும் சில ஆம்பியர்தான் ஓடும். ஒரு தெருவின் சாதாரண லோடைவிடக் குறைவு. துணை மின்நிலையத்து ரிலேவுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். அங்கே கம்பி புல்லில் கிடந்து பொரிந்துகொண்டிருக்கும். கூடவே ரீகுளோசர் என்ற கருவி வேறு. கோளாறு வந்தால் லைனைத் திறந்து, சில நொடிகளில் தானே மறுபடி மூடிப் பார்ப்பது அதன் வேலை. மற்ற நாட்களில் அது வரம். அணில் விழுந்ததற்கோ கிளை உரசியதற்கோ லைன்மேன் ஓடி வர வேண்டியதில்லை. தீக்காலத்தில் அதுவே, ‘முதல் தரம் பற்றவில்லையா, இந்தா இன்னொரு தரம்’ என்று தீக்குச்சி உரசுவதற்குச் சமம். அதனால் மின்நிறுத்தத்துக்கு முந்தைய படியாக, ஆபத்தான நாட்களில் ரீகுளோசரின் தானியங்கி வேலையை அணைத்துவிடுவார்கள்.

இந்த யோசனை 2007 அக்டோபரில் பிறந்தது. சான் டியேகோ மாவட்டத்தில் விட்ச் தீ உள்ளிட்ட பல தீக்கள் ஒரே வாரத்தில் எழுந்தன. விட்ச் மட்டும் ஏறக்குறைய 1,98,000 ஏக்கரை எரித்தது. காற்றில் கம்பிகள் உரசியதே அதன் தொடக்கம். அந்தப் பகுதியின் மின் நிறுவனமான சான் டியேகோ கேஸ் அண்ட் எலெக்ட்ரிக், 2008-இல் ‘காற்று எல்லை மீறினால் நாங்களே நிறுத்திக்கொள்கிறோம்’ என்று அனுமதி கேட்டது. மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் 2009-இல் மறுத்துவிட்டது. கரன்ட் போனால் தண்ணீர் பம்பு நிற்கும், தொலைபேசி நிற்கும், சிக்னல் நிற்கும், தீ வந்தால் எச்சரிக்கையே போய்ச் சேராது என்ற எதிர்வாதங்கள் வலுவாக இருந்தன. இன்றைக்கும் அவற்றில் ஒன்றுகூடத் தவறென்று ஆகிவிடவில்லை. 2012-இல் நிபந்தனைகளோடு அந்த ஒரு நிறுவனத்துக்கு ஒப்புதல் வந்தது. 2018-இல்தான் மாநிலத்தின் மற்றப் பெரிய தனியார் நிறுவனங்களுக்கும் அதே விதி நீட்டிக்கப்பட்டது.

2018 நவம்பர் 8. பாரடைஸ் என்ற மலை ஊர். வடக்குக் கலிஃபோர்னியாவின் பெரிய மின் நிறுவனமான பி.ஜி. அண்ட் இ. இரண்டு நாளாக ‘நிறுத்தினாலும் நிறுத்துவோம்’ என்று எச்சரித்துக்கொண்டிருந்தது. நிறுத்தவில்லை. அன்று காலை, ஏறத்தாழ நூறு ஆண்டு பழைய ஒரு கோபுரத்தில் இன்சுலேட்டரைத் தாங்கியிருந்த இரும்புக் கொக்கி, தேய்ந்து தேய்ந்து அறுந்தது. அதனால் மூண்ட தீயில் 85 பேர் இறந்தார்கள். 18,804 கட்டடங்கள் அழிந்தன. அன்று பிற்பகல் நிறுவனம், ‘நிறுத்த வேண்டிய அளவுக்கு வானிலை இல்லை’ என்று அறிவித்தது. இதில் பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. அந்த 115 கிலோவோல்ட் லைன் நிறுத்த வேண்டியவற்றின் பட்டியலிலேயே இல்லை. அன்றைக்கு மின்நிறுத்தம் செய்திருந்தாலும் அந்த லைனில் மின்சாரம் இருந்திருக்கும்.

எந்த லைனை நிறுத்துவது என்பது அவ்வளவு முக்கியம். அடுத்த ஆண்டே இன்னொரு பாடம் கிடைத்தது. 2019 அக்டோபர் 23 அன்று சோனோமா மாவட்டத்தில் கெய்சர்ஸ் பகுதியின் விநியோக லைன்களைப் பிற்பகலிலேயே நிறுத்தியாயிற்று. 230 கிலோவோல்ட் உயர் அழுத்த லைனை மட்டும் ஓடவிட்டார்கள். பெரிய கோபுரங்கள் உறுதியானவை, அங்கே காற்று எல்லையைத் தொடாது என்று கணக்கு. இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஒரு கோபுரத்தில் இரு பக்கத்துக் கம்பிகளையும் இணைக்கும் ஜம்பர் கம்பி அறுந்தது. கின்கேட் தீ 77,758 ஏக்கரை விழுங்கியது. அந்த ஜம்பர் இருந்த பகுதி யாருக்கும் கரன்ட் கொடுக்கவில்லை. கைவிட்டு ஆண்டுக்கணக்கான லைன் துண்டு, கழற்றப்படாமல் மின்னிணைப்போடு நின்றிருந்தது. 2025 ஜனவரி 7 அன்று லாஸ் ஏஞ்சலஸ் அருகே எழுந்த ஈட்டன் தீயிலும் விசாரணையின் கவனம் 1971 முதல் பயன்படாமல் நின்ற ஓர் உயர் அழுத்த லைனின் மேல் விழுந்தது. பக்கத்தில் ஓடும் லைன்களின் காந்தப்புலத்தால் அதில் மின்சாரம் தூண்டப்பட்டிருக்கலாம் என்று அந்தப் பகுதி நிறுவனமே ஒப்புக்கொண்டது. வேலை முடிந்த கம்பியைக் கழற்றாமல் வைத்திருப்பது கணக்குப் புத்தகத்தில் மிச்சம், மலையில் கடன்.

சரி, நிறுத்துவதற்கான எல்லை என்ன? பி.ஜி. அண்ட் இ. ஆரம்பத்தில் பொதுவாகச் சொன்னது: ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே, தொடர்காற்று மணிக்கு 25 மைலுக்கு மேல், வீச்சு, அதாவது திடீரென்று வீசியடிக்கும் காற்று, மணிக்கு 45 மைலுக்கு (72 கிலோமீட்டர்) மேல். பிறகு ஈரப்பதம் 30 சதவீதம், தொடர்காற்று 20 மைல், வீச்சு 30 முதல் 40 மைல் என்று கீழே இறக்கினார்கள். கூடவே, செத்த சருகின் ஈரமும் உயிருள்ள புதரின் ஈரமும் கணக்கில் வரும். தேசிய வானிலைச் சேவை தீ ஆபத்துக்காக விடும் சிவப்புக்கொடி எச்சரிக்கையையும் பார்ப்பார்கள். மாநில விதிப்படி மின்கம்பங்கள் மணிக்கு சுமார் 56 மைல் காற்றின் விசையைப் பாதுகாப்பு மடங்கோடு தாங்க வேண்டும். அப்படியானால் 40 மைலிலேயே ஏன் நிறுத்துகிறார்கள்? கம்பம் தாங்கும், பக்கத்து மரம் தாங்காது. 30 மீட்டர் உயர ஊசியிலை மரம் லைனிலிருந்து 25 மீட்டர் தள்ளி நின்றாலும் விழும்போது கம்பியைத் தொட்டுவிடும். வழிப்பாதையை வெட்டிச் சுத்தம் செய்வதாலும் அதைத் தடுக்க முடியாது. மரம் அடுத்தவர் நிலத்தில் நிற்கிறது.

முன்னறிவிப்பை மட்டும் நம்பி முடிவெடுத்தால் தேவைக்கு மேல் நிறுத்த வேண்டிவரும். சான் டியேகோ நிறுவனம் இதில் முன்னோடி. தன் கம்பங்களிலேயே 200-க்கும் மேற்பட்ட வானிலைக் கருவிகளைப் பொருத்தி, 10 நிமிடத்துக்கு ஒரு முறை அளவெடுக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் காற்று எல்லையைத் தாண்டியது, அந்தத் துண்டை மட்டும் நிறுத்து என்று சொல்ல அதனால் முடியும். ஆனால் கருவி மட்டும் போதாது, வெட்டுவதற்கு இடமும் வேண்டும். ஒரு பீடர், அதாவது ஊருக்குள் மின்சாரம் கொண்டுபோகும் விநியோக லைன், துணை மின்நிலையத்தில் தொடங்கி, நகரத்தின் கடைவீதி வழியே போய், 20 மைல் தாண்டிக் காட்டுக்குள் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தூரத்திலிருந்து இயக்கக்கூடிய சுவிட்ச் இல்லையென்றால், காட்டு வால் துண்டுக்காகக் கடைவீதியும் இருட்டில் கிடக்க வேண்டும். அதே பீடரில் காடு தொடங்கும் இடத்தில் ஒரு சுவிட்சைப் போட்டால் கடைவீதி தப்பிக்கும். உயர் அழுத்த லைன் மலை தாண்டி வருகிறது என்றால் இதையும்விட மோசம். சமவெளியில் இருக்கும் ஊரில் காற்றே இருக்காது, சருகும் இருக்காது. இருந்தும் ஊருக்குச் சோறு போடும் லைன் 40 மைலுக்கு அப்பால் மலையுச்சியில் நிற்கும்.

2019-இல் பி.ஜி. அண்ட் இ. இடம் இப்படி வெட்டுவதற்கான சுவிட்சுகள் போதுமான அளவில் இல்லை. அக்டோபர் 9 அன்று 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள், அக்டோபர் 26 முதல் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. இணைப்பு என்றால் மீட்டர். ஆட்கணக்கில் 20 லட்சத்தைத் தாண்டும். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 27, ஞாயிறு. ஓக்லண்ட் மலைப்பக்கத்திலும் மரின் மாவட்டத்திலும் விளக்கேற்றியவர்களுக்கு அன்று வேறு வழியும் இருக்கவில்லை. நிறுவனத்தின் இணையதளம் கூட்டம் தாங்காமல் விழுந்தது. தெருவைத் தட்டச்சு செய்து பார்க்கும் வரைபடம் தப்பாகக் காட்டியது. சுமார் 50,000 வாடிக்கையாளர்களுக்கு முன்னறிவிப்பே போகவில்லை. இவற்றுக்காக 2021-இல் ஆணையம் விதித்த தண்டம் 10 கோடியே 60 லட்சம் டாலர். மரினில் கைப்பேசிக் கோபுரங்களில் பாதிக்கு மேல் செத்துப்போனது இன்னொரு அதிர்ச்சி. தீ எச்சரிக்கை கைப்பேசிக்குத்தான் வரும்; அந்தக் கைப்பேசியை முடக்கியது தீயைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. 2020-இல், அதிக ஆபத்துப் பகுதியில் உள்ள கோபுரங்களுக்கு 72 மணி நேரக் காப்பு மின்சாரம் கட்டாயம் என்று விதி வந்தது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் பாதிக் கதைதான். கலிஃபோர்னியச் சட்டப்படி, மின் நிறுவனத்தின் கருவி தீயை மூட்டினால், அலட்சியம் இருந்ததோ இல்லையோ, சொத்து நஷ்டத்துக்கு நிறுவனம் பொறுப்பு. பாரடைஸ் தீயை அடுத்து 2019 ஜனவரியில் பி.ஜி. அண்ட் இ. திவால் மனு கொடுத்தது இதனால்தான். மின்நிறுத்தத்தால் உங்கள் ஃப்ரிட்ஜில் கெட்டுப்போன சாப்பாட்டுக்கோ, மூடிக் கிடந்த கடைக்கோ நிறுவனம் பொதுவாக எதுவும் தர வேண்டியதில்லை. 2019 அக்டோபர் 9 நிகழ்வுக்கு ஆளுநர் நெருக்கியதால் வீடுகளுக்கு 100 டாலரும் கடைகளுக்கு 250 டாலரும் பில்லில் கழித்தார்கள். அது ஒரு தடவைச் சலுகை. மின்சாரத்தைக் கொடுத்தால் நஷ்டம் நிறுவனத்துக்கு, நிறுத்தினால் நஷ்டம் வீடுகளுக்கு என்ற தராசில் கை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. நிறுத்தவே கூடாது என்பதல்ல எங்கள் வாதம். ஒவ்வொரு நிறுத்தமும், போடாமல் விட்ட ஒரு சுவிட்சின், மாற்றாமல் விட்ட ஒரு கம்பியின் விலை. அதைக் கட்டுவது வாடிக்கையாளர்.

இனி முதல் கேள்விக்கு வருவோம்.

காற்று நின்றதும் முதலில் வானிலைப் பிரிவு ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனித்தனியாக ‘ஆபத்து நீங்கியது’ என்று சொல்ல வேண்டும். உங்கள் தெருவில் காற்று நின்றது கணக்கில்லை. உங்கள் லைன் போகும் மலைமுகட்டில் நிற்க வேண்டும். முகட்டில் இரவில்தான் வீச்சு அதிகம். பிறகு ரோந்து. மின்னோட்டம் இல்லாத லைனில் எந்தக் கோளாறையும் எந்தக் கருவியும் காட்டாது. ஓடுகிற லைனில் கிளை விழுந்தால் ரிலே சொல்லும். நிறுத்திய லைனில் மரமே சாய்ந்து கிடந்தாலும் கட்டுப்பாட்டு அறைத் திரையில் அது தெரியாது. ஆகவே, ஒவ்வொரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு கம்பித் துண்டையும் கண்ணால் பார்க்கிறார்கள். வெட்டவெளியில் ஹெலிகாப்டர், சாலையோரத்தில் வண்டி, மரம் அடர்ந்த இடத்தில் நடை. ஹெலிகாப்டர் பகலில்தான் பறக்கும். மாலை 6 மணிக்குக் காற்று நின்றால் ரோந்து காலை 6 மணிக்கு மேல்தான் சூடுபிடிக்கும். வீட்டிலிருப்பவருக்கு அந்த 12 மணி நேரம் சும்மா போனதாகத் தோன்றும். 2019 அக்டோபர் 9 நிகழ்வில் பார்க்க வேண்டியிருந்தது சுமார் 25,000 மைல் விநியோக லைன், 2,500 மைல் உயர் அழுத்த லைன். பூமியின் சுற்றளவே 25,000 மைல்தான். அந்த ரோந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் காற்றுச் சேதம் கண்டுபிடித்தார்கள். பார்க்காமல் சுவிட்சைப் போட்டிருந்தால் அத்தனை இடத்திலும் பொறி பறந்திருக்க வாய்ப்புண்டு.

பார்க்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி லஹைனா. 2023 ஆகஸ்ட் 8 காலை, ஹவாய்த் தீவுகளில் மௌவியில், காற்றில் அறுந்து கிடந்த லைனுக்கு மறுபடி மின்சாரம் போனது. கீழிருந்த புல் பற்றியது. தீயணைப்பு வீரர்கள் அணைத்துவிட்டுப் போனார்கள். சாம்பலுக்குள் மிச்சமிருந்த கனல் பிற்பகல் காற்றில் மறுபடி எழுந்தது. 102 பேர் இறந்தார்கள். பிற்பகல் தீ எழுந்தபோது அங்கே லைனில் மின்சாரமே இல்லை. ஹவாயில் அன்று முன்னெச்சரிக்கை மின்நிறுத்தத் திட்டம் கிடையாது. 2024 ஜூலையில்தான் தொடங்கினார்கள்.

சேதம் இருந்தால் சரிசெய்த பிறகு, மின்சாரம் படிப்படியாகத்தான் வரும். முதலில் உயர் அழுத்த லைன், பிறகு துணை மின்நிலையம், பிறகு பீடரின் முதல் துண்டு, அடுத்த துண்டு. மொத்தமாகப் போட்டால் இன்னொரு தொல்லை வரும். சாதாரண நாளில் ஓர் ஊரின் ஃப்ரிட்ஜ்கள் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ஒன்று ஓடும்போது இன்னொன்று ஓய்வெடுக்கும். 30 மணி நேரம் நின்றிருந்தால் எல்லா ஃப்ரிட்ஜும், எல்லா வாட்டர் ஹீட்டரும், எல்லா ஏ.சி.யும் ஒரே நொடியில் ‘எனக்கு’ என்று இழுக்கும். லோடு வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் போய் பிரேக்கர் மறுபடி திறந்துகொள்ளும். கரன்ட் வந்து, இரண்டு நிமிடத்தில் போய், மறுபடி வந்த அனுபவம் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மின்நிறுத்தத்தால் எல்லாத் தீயையும் தடுக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2021 ஜூலை 13 அன்று ஃபெதர் நதிப் பள்ளத்தாக்கில் ஒரு டக்ளஸ் ஃபர் மரம் 12 கிலோவோல்ட் லைனில் சாய்ந்தது. அன்று பெருங்காற்று ஏதும் இல்லை. எந்த எல்லையும் தாண்டப்படவில்லை. பியூஸ்களில் சில எரிந்தன, ஒன்று மிஞ்சியது. அதன் வழியே மின்சாரம் மணிக்கணக்கில் மரத்தில் ஓடியது. டிக்ஸி தீ 9,63,309 ஏக்கர். அந்த மாதமே பி.ஜி. அண்ட் இ. ரிலேக்களின் அமைப்பை மாற்றத் தொடங்கியது. கோளாறு தெரிந்த பத்தில் ஒரு நொடிக்குள் மொத்த லைனும் திறந்துகொள்ளும். இதில் காத்திருந்து எந்தத் துண்டில் கோளாறு என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை போய்விட்டது. அணில் ஏறினாலும், பிறந்தநாள் பளபளப்பு பலூன் சிக்கினாலும் ஆயிரம் வீட்டுக்கு முன்னறிவிப்பில்லாமல் கரன்ட் போகும். எது தேவலை என்று கேட்டால், நாட்கணக்கில் நிறுத்துவதைவிட இது தேவலை.

சான் டியேகோ நிறுவனம் கையாளும் முறை இன்னும் நேர்த்தியானது. 30 அடி உயரக் கம்பி அறுந்தால் தரையைத் தொட 1.37 நொடி ஆகும். லைனின் பல இடங்களில் ஒரே நேரத்தில் மின்னழுத்தத்தை அளந்து, அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து, கம்பி காற்றில் இருக்கும்போதே மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். உறைபோட்ட கம்பியும் நிலத்தடிக் கம்பியும் நிரந்தர வழிகள். பி.ஜி. அண்ட் இ. 2021-இல் 10,000 மைல் லைனை நிலத்தடியில் போடுவதாக அறிவித்தது. மைலுக்குப் பல பத்து லட்சம் டாலர்; மலைப்பாறையில் பள்ளம் தோண்டியவர்களுக்கு அந்த விலையில் ஆச்சரியம் இருக்காது.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை. நிறுத்தத்துக்கு முன் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை, தண்ணீர் நிலையம் போன்றவற்றுக்கும், 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மற்ற எல்லோருக்கும், கடைசியாக 1 முதல் 4 மணி நேரத்துக்குள் ஒரு தடவையும் செய்தி வர வேண்டும். மின் கணக்கில் உள்ள கைப்பேசி எண் பழையதாக இருந்தால் எதுவும் வராது. வாடகை வீட்டில் கணக்கு உரிமையாளர் பெயரில் இருந்தால், உங்கள் முகவரிக்குத் தனியே எச்சரிக்கை பதிவு செய்துகொள்ளலாம். மருத்துவக் கருவி வைத்திருப்பவர்கள் ‘மெடிக்கல் பேஸ்லைன்’ திட்டத்தில் சேருவது அவசியம். சேர்ந்தவர்களுக்குத் தகவல் கிடைத்ததா என்று உறுதி செய்வார்கள், பதில் வராவிட்டால் கதவையும் தட்டுவார்கள். ஆனால் கரன்ட் நிறுத்தத்திலிருந்து விலக்கு கிடையாது. அந்தத் தவறான நம்பிக்கை பலருக்கு இருக்கிறது.

கூரையில் சோலார் இருக்கிறது, கவலையில்லை என்பது இன்னொன்று. பாட்டரி இல்லாத சோலார், வெளி மின்சாரம் போன 2 நொடிக்குள் தானே அணைந்துவிடும்படி விதி. லைன்மேன் உயிர் அதில் இருக்கிறது. பாட்டரியும் தனித்தீவாக ஓடும் இன்வெர்ட்டரும் இருந்தால் மட்டுமே பகலில் உதவும். 13.5 கிலோவாட்-மணி பாட்டரி ஒன்றுக்குக் கணக்குப் போட்டால், ஃப்ரிட்ஜ் நாளுக்கு 1.5, வைஃபை 0.25, விளக்கு 0.3, தூக்கத்தில் மூச்சுக் கருவி 0.3, கேஸ் ஹீட்டரின் விசிறி 4 மணி நேரத்துக்கு 2 கிலோவாட்-மணி. கூட்டினால் 4.35, மூன்று நாள் தாங்கும். இதே வீட்டில் நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்சிஜன் கருவி 350 வாட்டில் இடைவிடாமல் ஓடினால் அதற்கே 8.4 வேண்டும். ஒரே நாளில் பாட்டரி காலி. ஆக்சிஜன் தேவைப்படுபவர் இருக்கும் வீட்டில் சிலிண்டர் இருப்பு இல்லாமல் பாட்டரியை மட்டும் நம்பக் கூடாது.

ஜெனரேட்டர் விஷயத்தில் உயிர் போவது இரண்டு வகையில். ஒன்று, கார்பன் மோனாக்சைடு. கராஜில், கதவைத் திறந்து வைத்துக்கூட ஓட்டக் கூடாது. வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இரண்டு, இருமுனை ஆண் பிளக் வைத்த ஒயரால் வீட்டுப் பிளக்கில் சொருகுவது. 240 வோல்ட் உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் தலைகீழாகப் போய் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக லைனில் ஏறும். ரோந்து வந்த லைன்மேன் கையில் முடியும். வீட்டை வெளி லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச், அல்லது மெயின் பிரேக்கரும் ஜெனரேட்டர் பிரேக்கரும் ஒருசேர ஆன் ஆக முடியாதபடி தடுக்கும் இன்டர்லாக் தகடு. இரண்டில் ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் கால்வாசி லோடில் 3.6 லிட்டர் பெட்ரோலில் 8 மணி நேரம் ஓடும். நாளுக்கு 11 லிட்டர். சூடான சைலன்சரைக் காய்ந்த புல்லின் மேல் வைத்தால், எந்தத் தீக்குப் பயந்து கரன்ட்டை நிறுத்தினார்களோ அதை நீங்களே மூட்டியவராவீர்கள். கான்கிரீட் தரையில் வைத்து, ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

ஃப்ரிட்ஜ் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம். நிறைந்த ஃப்ரீசர் 48, பாதி நிறைந்தது 24. உள்ளே தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து இடைவெளியை நிரப்பினால் பாதி நிறைந்ததும் நிறைந்ததாகிவிடும். இட்லி மாவு புளிக்கும், அவ்வளவுதான். பால், சாம்பார், சமைத்த கறி 4 டிகிரிக்கு மேல் 2 மணி நேரம் இருந்துவிட்டால் கொட்டிவிடுங்கள், முகர்ந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பிரித்த இன்சுலின் பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குக் கீழே 28 நாள் வரை தாங்கும், அவசரப்பட்டு வீசிவிட வேண்டாம். கராஜ் கதவின் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கையால் தூக்கிப் பழகிக்கொள்ளுங்கள். 2017-இல் வடக்குக் கலிஃபோர்னியாவில் எழுந்த தீக்களில் கரன்ட் போய்க் கதவு திறக்காமல் உள்ளேயே சிக்கியவர்கள் உண்டு. அதன் பிறகே 2019 ஜூலை முதல் விற்கும் திறப்பான்களுக்கு பாட்டரி கட்டாயமானது. மின்கார் வைத்திருப்பவர்கள் முதல் எச்சரிக்கை வந்த இரவே சார்ஜ் ஏற்றிவிட வேண்டும்.

கரன்ட் போனதும் எல்லோரும் மறப்பது இஸ்திரிப் பெட்டியையும் மின் அடுப்பையும். போனபோது சூடாக இருந்தது, வரும்போது நீங்கள் வீட்டில் இல்லாமலும் போகலாம். அடுப்புக் குமிழைத் திருப்பி அணையுங்கள், ஹீட்டர், ஏ.சி., வாட்டர் ஹீட்டர் பிரேக்கர்களைக் கீழே இறக்குங்கள். ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்ட நிலையில் விடுங்கள். அது எரிந்து 10 நிமிடம் அணையாமல் இருந்தால், ஒவ்வொரு பிரேக்கராக மேலே ஏற்றலாம்.